அக்கரை மாப்பிள்ளை ஆடிய சடுகுடு

டிவியில் மெத்தை விரித்து, பளபளவென்று சட்டை போட்டுக் கபடி ஆடுகிறார்கள். நானும் பார்க்கிறேன். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் ஆடியதைப் பார்த்த கண்ணுக்கு அது போதவில்லை. அவர் ஆடியது ஏரிக்கரை மணலில். நாங்கள் சடுகுடு என்போம்.

மீசை முளைக்கும் முன்பே, அக்கரையில் இருக்கும் தன் ஊருக்கு ஆட ஆரம்பித்தவர் அவர். எதிர்ப்பக்கம் ஏறிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டார் என்று எங்கள் குப்பத்திலேயே பேசிக்கொள்வார்கள். என் நைனாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் என்னைக் கட்டியவர் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது, ஊர் முறை வைத்துத்தான் போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனாவின் பாடு முறையை ஊர் கூடி இவருக்குக் கொடுத்தது.

அந்த வருஷம் மாசித் திருவிழாவில் எங்கள் குப்பத்துக்கும் அவர் பிறந்த ஊருக்கும் ஆட்டம் விழுந்தது. முதல் நாளே அவருடைய அண்ணன் படகேறி வந்துவிட்டார்.

"எங்க பக்கம் ஆடு. இல்லன்னா ஆடாத. கூடப் பொறந்தவன் மேலயே கால வீசுவியா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு சந்தேகம். வலை காயப் போடும் இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள்: "அவன் ஊருக்காரனுங்கதான? வேணும்னே மாட்டிக்குவான் பாரு."

இவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஜுரம்னு சொல்லிட்டுப் படுத்துக்கறேன்" என்றார்.

"படுத்துக்கோ. அப்புறம் எந்த ஊர்லயும் உன்ன ஆடக் கூப்புட மாட்டாங்க. ஆடாம நீ இருந்துடுவியா?"

"இன்னா பண்ணச் சொல்ற?"

"எந்தத் தண்ணில உன் வலை எறங்குதோ அந்த ஊருக்கு ஆடு. தோத்தாலும் பரவால்ல. வேணும்னே விழுந்தியானா, அப்படியே உங்கம்மாவாண்ட போய்டு."

அவர் சிரித்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் கடைசியாக ஏறிப் போனவர் அவர்தான். அண்ணனே கணுக்காலைப் பிடித்துவிட்டார். சின்ன வயதிலிருந்து பிடித்துப் பழகிய கால். மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். முழங்கால் திரும்பியதை நான் பார்த்தேன். முகம் மணலுக்குள் கிடந்தது, சடுகுடு சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஏரியில் முங்கி வலைச் சிக்கு எடுக்கிறவரின் மூச்சு அது. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே வந்து விரலால் நடுக்கோட்டைத் தொட்டார். எங்கள் குப்பம் ஜெயித்தது.

அந்த முழங்காலோடு பிறகும் பல மாசி ஆடினார், எங்கள் ஊருக்குத்தான். அதன்பின் யாரும் அவரை அக்கரை ஆள் என்று சொன்னதில்லை.

ஆனால் அன்று ஆட்டம் முடிந்ததும் அண்ணன் பேசாமல் படகேறிப் போய்விட்டார். அந்த வீட்டோடு போக்குவரத்தே நின்றது. நான் விடுவேனா? நண்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு, தனியாக அக்கரைக்குப் போனேன்.

மாமியார் வாசலிலேயே நிறுத்தினார். "இன்னாடி, ஜெயிச்சத காட்ட வந்தியா?"

"ஆமா அத்த. உங்க புள்ள ஆடுனத நீங்க பாக்கல. வேற யாரு வந்து சொல்லுவா?"

என் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பெரியவன் எந்தக் கால புடிச்சான்?"

"வலது காலு."

"அங்கதான் புடிப்பான். அவன் புடிச்சா லேசுல உடமாட்டானே." பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அதையும் மீறி வந்துட்டானா சின்னவன்? உள்ள வா. மொதல்லேருந்து சொல்லு."