எனக்குத் தெரிந்த பாடம்

பசுமலையில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன். கரு வளர்ச்சிப் பாடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கருவில் சில செல்கள் பக்கத்துச் செல்களோடு இறுகப் பிணைந்திருக்கும். நேரம் வந்ததும் பிடியைத் தளர்த்தி, வடிவம் மாறி, தனியாகக் கிளம்பிப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் முக எலும்பாகும், நரம்பாகும். "அது கிளம்பலைன்னா நமக்கு முகமே இல்லை" என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

போன வருஷம் இடது மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று கணவரும் கூட வந்தார். அவர் உசிலம்பட்டியில் டிராக்டர் மெக்கானிக். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தபடி, "புற்றுநோய்தான். பால்குழாய்ச் சுவரைத் தாண்டி வெளியே வந்திருக்கு" என்றார்.

கணவருக்கு அது சரியாகப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கருவில் நடந்து, பிறகு அடங்கிப்போன அதே வேலையை அந்தச் செல்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. பிடியைத் தளர்த்தி, சுவரைக் கரைத்து, கிளம்பிவிட்டன. கருவிலாவது எங்கே நிற்பது என்று அவற்றுக்குத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார், "தாண்டிருச்சுன்னா எம்புட்டு தூரம் போயிருக்கும்?"

"தெரியலைங்க."

"நீதான அதைப் படிச்சவ."

"அதான் பயமா இருக்கு."

இறங்கும்வரை என் கைப்பையைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ, இருமினால் நுரையீரலுக்கோ என்று நினைப்பேன். வகுப்பில் அதே பாடம் வந்தது. பலகையில் செல்களை வரிசையாக வரைந்தேன். ஒன்றை மட்டும் தள்ளி வரைய வேண்டும், கை போகவில்லை. முன் பெஞ்சு மாணவி, "மேடம், அதுக்குப் போற வழி எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். மற்ற செல்கள் விடும் ரசாயனத்தை மோப்பம் பிடித்துப் போகும் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்பை எடுத்தார்கள். அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் அந்தச் செல்கள் இருந்தன. அதற்கு அப்பால் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை.

"இம்புட்டுத்தானே, அதான் எடுத்தாச்சே" என்றார் கணவர். அன்றுதான் அவர் முகம் தெளிந்தது. ஸ்கேனுக்குத் தட்டுப்படாத ஒரே ஒரு செல் எங்காவது போய் உட்கார்ந்திருக்கலாம் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கீமோ முடிந்து முடி திரும்ப முளைத்திருக்கிறது. அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.