காமாட்சி தலையில் குறட்டை விட்ட முனி

1930களில் இலங்கையில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். அந்தச் சொல் வாயில் நுழையாததால் லயத்து ஆட்கள், அதாவது கூலி வரிசை வீடுகளில் இருந்தவர்கள், என்னை டாக்டர் ஐயா ஆக்கிவிட்டார்கள். துரை காதில் விழாதவரை நானும் மறுக்கவில்லை.

சேர்ந்த முதல் வாரமே, கொழுந்து பறிக்கும் செல்லாயி தன் நாலு வயது மகள் காமாட்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஐயா, புள்ள தலையில பீலி ஓடுதுங்க.”

பீலி என்றால் மலைத்தண்ணீர் விழும் குழாய்; லயத்தில் குளியல் அங்கேதான். தலைக்கு ஊற்றிச் சளி பிடித்துவிட்டது என்று நினைத்து இருமல் மருந்துப் புட்டியை எடுத்தேன்.

“குளிச்சதுக்கு இல்லீங்க. தலைக்குள்ள ஓடுது. நீங்களே கேட்டுப் பாருங்க.”

ஸ்டெதஸ்கோப்பை நெற்றிப்பொட்டில் வைத்தேன். நாடித் துடிப்போடு சேர்ந்து உஸ்... உஸ்... என்று இரைச்சல். புட்டியை மூடிவைத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பெரிய டாக்டர் வெகுநேரம் கேட்டார். “ரொம்ப அபூர்வம். பொறக்கும்போதே மூளையில ரத்தக்குழாய் பின்னிக் கெடக்கு. இதுக்குக் கத்தி வைக்க முடியாது. தலையில அடிபடாமப் பாத்துக்கங்க. குழாய் வெடிச்சா போச்சு.”

திரும்பி வந்தால், பேயோட்டும் கோடாங்கி மாரிமுத்து உடுக்கோடு தயாராக நிற்கிறார். பிள்ளை தலையில் பிரம்பால் அடித்து முனியை இறக்கப்போகிறாராம். செல்லாயி புருஷன் பலிக்குச் சேவலே பிடித்துவிட்டான். முனி இல்லை, ரத்தக்குழாய் என்று நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

ஆகவே கட்சி மாறினேன்.

“கோடாங்கியாரே, நீங்க சொன்னதுதான் சரி. முனிதான். ஆனா தூங்குறாரு. இந்தாங்க, குறட்டையக் கேளுங்க.”

கருவியை அவர் காதில் மாட்டி, மறுமுனையைக் காமாட்சி தலையில் வைத்தேன். மனிதருக்கு விழி பிதுங்கியது.

“அடிச்சு எழுப்பினா யாரு மேல ஏறுவாரு?” என்று கேட்டபடியே அதை அவர் நெஞ்சுக்கு மாற்றினேன். உள்ளே திடும் திடும் என்று அடித்தது. “அட, இப்பவே வந்து கதவத் தட்டுறாரு போல!”

கருவி தெறிக்க எழுந்தார். “இந்தப் புள்ள தலையில எவனும் கை வைக்கக் கூடாது! சாமி உத்தரவு!”

உத்தரவு தோட்டம் முழுக்கப் பரவியது. காமாட்சிக்கு ராஜயோகம். கங்காணி வீட்டு முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டுத் தலையை நீட்டுவாள்: “அடிங்க பாப்போம்!” நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தத் தலையில் ஓர் அடி விழவில்லை.

கிளம்பும் நாளில் மனசு உறுத்த, செல்லாயியிடம் போனேன். “முனியெல்லாம் பொய்ம்மா.”

“தெரியுங்கய்யா. ஆஸ்பத்திரியில நானுந்தான நின்னேன்? நான் சொன்னா எங்க வீட்டு ஆளு கேக்குமா? ரத்தக்கொழாய்னா எவன் பயப்படுவான்? நீங்க கொறட்டைன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பல்லக் கடிச்சு அடக்கிக்கிட்டேன்.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மருந்தில்லாத நோய் வந்தால் முதலில் தாயோடு கூட்டுச் சேருங்கள். நான் தனியாக நாடகம் போட்டதாகத்தான் செல்லாயி சொல்லும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.