எல்லாவற்றுக்கும் ‘சில நேரங்களில்’

என் மகள் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். அதற்காகப் பாகூரில் ஒரு பள்ளியில் வகுப்பெடுக்க வேண்டும். இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் வகுப்பு வாசலோடு திரும்பிவிட்டாள். கை நடுங்குகிறது, தொண்டை அடைக்கிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்றாள். இன்னொரு முறை திரும்பினால் இந்த வருடம் போய்விடும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் வரும் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். இளம்பெண். மகளிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு ஒரு வினாத்தாளைக் கொடுத்து, “வீட்டுல பொறுமையா நிரப்பி எடுத்துட்டு வாங்கம்மா. இதப் பாத்துட்டு காலேஜுக்கு லெட்டர் தரேன்” என்றார்.

வீட்டில் என்றாரே, அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கத்தில் யாரும் தனியாக உட்கார்ந்து ஒரு தாளை நிரப்புவதில்லை. ரேஷன் கார்டோ முதியோர் பென்ஷனோ, எது வந்தாலும் கூடத்தில் நடுவே வைத்து ஒருவர் படிப்பார், எல்லோரும் பதில் சொல்வார்கள், கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதுவார். எங்கள் வீட்டில் அந்தக் கையெழுத்து என்னுடையது. அடுத்த வீட்டிலிருந்து என் அக்காவும் வந்து சேர்ந்தாள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரங்களில், அடிக்கடி, எப்போதும். ஒன்றில் டிக் போட வேண்டும். முதல் வரியைப் படித்தேன்: ‘பிறர் முன்னிலையில் உண்பது எனக்குப் பதற்றம் தருகிறது.’

“இவளுக்கா?” என்றாள் மனைவி. “போன மாசம் காதுகுத்துல பந்தியில குந்திகினு ரெண்டு தரம் பாயாசம் வாங்குனா. ஒருபோதும் இல்லன்னு போடுங்க.”

“டேய், எப்போதும்னு போடு,” என்றாள் அக்கா. “ஜாஸ்தியா போட்டாத்தான் எதுனா குடுப்பான். என் கால்வலிக்கு பென்ஷன் கேட்டு எழுதிப் போட்டப்ப, நடக்க முடியுமான்னு கேட்டான். கொஞ்சம் நடப்பேன்னேன். அவ்ளோதான், தள்ளி வுட்டுட்டான்.”

“உங்க காலும் இவ கல்யாணமும் ஒன்னா அண்ணி? நாளைக்குப் பொண்ணு பாக்க வரவன் காதுல வுழுந்தா இன்னா ஆவும்?”

“ம்மா, அது சொந்தக்காரங்க பந்தி. காலேஜு கேன்டீன்னா…” என்று மகள் தொடங்கினாள். அதற்குள் அக்கா அடுத்த வரியைப் படிக்கச் சொல்லிவிட்டாள்.

‘வாங்கிய பொருளைக் கடையில் திருப்பித் தருவது.’ இதில் மட்டும் இருவரும் ஒன்றானார்கள். தெருவில் இருப்பது ஒரே கடை. அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு போவது? எனக்கு அந்தத் தாளின் மேலேயே எரிச்சல் வந்தது. ‘விருந்தில் அறிமுகமில்லாதவரிடம் பேச்சைத் தொடங்குவது’ என்று இன்னொரு வரி. எங்கள் ஊர் விருந்தில் அறிமுகமில்லாதவர் யார்? சாம்பார் வாளி தூக்குகிறவர்கூட ஏதோ ஒரு வழியில் மாமன் முறை. இதை எழுதியவர் எந்த ஊரில் சாப்பிட்டாரோ தெரியவில்லை.

சத்தம் அடங்கவில்லை. மனைவி ஒரு ஓரக் கட்டத்தைக் காட்டினாள், அக்கா மறு ஓரத்தை. போர்வெல் தண்ணீர் முறையானாலும் வரப்புத் தகராறானாலும் எங்கள் ஊரில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோடு போட்டுத்தான் முடிப்பார்கள். நானும் அப்படியே முடித்தேன். நடுக் கட்டம், எல்லா வரிக்கும். அடித்தல் திருத்தல் எனக்கு ஆகாது. அதனால் வெற்றுத் தாளை முன்பே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரே பேனாவால் திருத்தமாக டிக் போட்டேன். மகள் எப்போதோ எழுந்து உள்ளே போயிருந்தாள். கடைசி வரிக்கு வந்தபோதுதான் கவனித்தோம்.

அடுத்த வாரம் போனோம். வராந்தா பெஞ்சுகள் முழுக்க ஆட்கள். கதவருகே நின்ற உதவியாளர், “கூச்சத்துக்குப் பேப்பர் வாங்கினு போனது யாரு? எழுந்து முன்னாடி வாங்க!” என்று கூவினார். எல்லாத் தலைகளும் திரும்பின. மகள் துப்பட்டாவை இழுத்து முகத்தருகே பிடித்துக்கொண்டு நடந்தாள். கூச்சத்தை அளக்கும் இடத்தில் இப்படி ஒரு தொண்டையை யார் நிறுத்தினார்களோ.

ஆலோசகர் தாளைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

“சார், இது யாரு நிரப்புனது?”

“எல்லாரும் சேர்ந்துதான் மேடம்.”

“எல்லாத்துக்கும் சில நேரங்களில்னு இருக்கே.”

“வூட்ல ரெண்டு கருத்து இருந்துது. நடுவுல போட்டேன்.”

அவர் பேனா நுனியால் கட்டங்களைத் தொட்டு எண்ணினார். “கூட்டிப் பாத்தா சரியா பாதி வருது. இத வச்சு பயம் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. காலேஜுக்கு நான் இன்னான்னு எழுதறது?”

“கேள்வி அப்படி இருக்கு மேடம். கடையில திருப்பிக் குடுக்கறதாம். எங்க ஊர்ல எவன் வாங்குவான்?”

“அந்தக் கேள்வி மேல எனக்கும் கோவம் உண்டு சார். ஆனா பதில் இவங்களோடது.” புதுத் தாள் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார்.

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். மகள் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “நீ வெளில இருப்பா” என்றாள்.

வெளியே இருந்தேன். அக்கா போன் செய்தாள். “இன்னாடா, எவ்ளோ மார்க்கு? பாஸா?” கட் செய்தேன். திரும்ப அடித்தாள். அதையும் கட் செய்தேன்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். தாளை எனக்குக் காட்டவில்லை. பயம் நிறைய இருக்கிறது, ஆனால் பழக்கிக்கொள்ள முடியும் என்றார் ஆலோசகர். முதலில் பத்துப் பிள்ளைகளோடு தொடங்க அனுமதிக்கும்படி கல்லூரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். தினமும் ஒரு சின்னக் காரியம் செய்து பழக வேண்டுமாம். “முதல் காரியம் அவங்களே தேர்ந்தெடுத்துட்டாங்க” என்று சிரித்தார். என்ன என்று சொல்லவில்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் டீ குடிக்க நின்றோம். மகள் தானே முன்னால் போய், “அண்ணே, ஒன்னு சக்கரை இல்லாம” என்றாள்.

“இன்னா பாப்பா? காதுல வுழல.”

மறுபடி சொன்னாள். சர்க்கரை போட்ட டீதான் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரரிடம் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. ஸ்கூட்டர் சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மகள் கிளாஸைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடை மேடைமேல் வைத்தாள். டீ கொஞ்சம் சிந்தியது.

“சக்கரை வேணாம்னு மொதல்லியே சொல்றதுதானேம்மா?”

“சொன்னேண்ணே. ரெண்டு தரம்.”

காது மடல்வரை சிவந்துவிட்டது அவளுக்கு. அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு டீ போட்டார். அது வரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கல்லூரியில் ஒத்துக்கொண்டால் திங்கட்கிழமை பாகூரில் பத்துப் பிள்ளைகள். நான் பள்ளி வாசல்வரைகூட வரக்கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.