நான் பிரேசிலை விட்டுக் கேமரூனுக்குப் போனது

பிரேசில் அணிக்காக நான் இரண்டு ஆட்டங்கள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பிலிருந்து தூக்கி வந்த பெஞ்சு அது. ஒரு முனையில் இருப்பவர் எழுந்தால் மறுமுனை சாய்ந்துவிடும். கடைசிவரை எழுந்திருக்காதவன் நான் ஒருவன்தான் என்பதால், அணியின் சமநிலையைக் காத்தவன் என்று என்னைச் சொல்லலாம். யாரும் சொல்லவில்லை.

பிரான்சில் உலகக் கோப்பை நடந்த வருடம் அது. ஜூன் வரை பொறுக்க முடியாமல் மே லீவிலேயே திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயில் மைதானத்தில் ஒரு உலகக் கோப்பையை நடத்தினோம். எட்டுத் தெரு, எட்டு நாடு, நாட்டுக்கு ஒன்பது பேர், அதில் களத்தில் ஏழு. ஆளுக்கு இரண்டு லீக் ஆட்டம், முந்திய நான்கு நாடுகளுக்கு அரையிறுதி. சீட்டுக் குலுக்கியதில் எங்கள் மேட்டுத் தெருவுக்குப் பிரேசில் விழுந்தது. அம்மாவின் கிணற்றுத் தெருவுக்குக் கேமரூன். பிரேசிலின் கேப்டன் என் அண்ணன், பதினேழு வயது. எனக்குப் பதினான்கு. நான் ஓடினாலும் பார்ப்பவர்களுக்கு நிற்பதுபோலத்தான் தெரியும். அண்ணன் என்னை அணியில் சேர்த்ததே அம்மா சொன்னதால்தான்.

சட்டை விஷயத்தில் எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரு தப்புச் செய்தன. வெள்ளைப் பனியன்களை வாங்கி, சின்னாளப்பட்டியில் சேலைக்குச் சாயம் போடும் ஒருவரிடம் கொடுத்தோம். "உப்புத் தண்ணில ஊற வச்சு, ரெண்டு நாள் நெழல்ல காயவிட்டுத் தாரேன். அப்பத்தான் சாயம் நிக்கும்" என்றார் அவர். "நாளைக்கு மேட்ச்சுண்ணே" என்று சொல்லி, சொட்டச் சொட்ட மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். முதல் ஆட்டம் முடிந்ததும் எட்டு நாட்டுக் குடிமக்களும் அவரவர் கொடி நிறத்தில் கழுத்தும் அக்குளுமாகத் திரிந்தார்கள். பிரேசில்காரர்கள் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் கழுத்து மட்டும் சுத்தமாக இருந்தது. வேர்த்தால்தானே!

போட்டியின் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. அவரேதான் நடுவரும். ரயிலுக்குக் காட்டிய பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஊதிய விசில் மூன்றையும் வைத்துத்தான் ஆட்டத்தை நடத்துவார். முந்தைய வருடத் தெருப் போட்டியில் ஒரு தெருக்காரர்கள் வெளி ஆட்களை இறக்கிவிட்டார்கள். சித்தப்பா மகன் என்று அறிமுகமான பேகம்பூர்ப் பள்ளிவாசல் தெருப் பையன் ஒருவன், ஆட்டத்துக்கு முன் எல்லோரும் சிலுவை போட்டபோது திருதிருவென்று முழித்தான். ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான். அதற்குப் பிறகுதான் கார்டு ஐயா சட்டம் எழுதினார். அப்பாவின் தெருவுக்கு ஆடலாம், அல்லது அம்மா பிறந்த தெருவுக்கு ஆடலாம். ஒரு நாட்டுக்கு ஆடியவன் இன்னொரு நாட்டுக்கு ஆடக் கூடாது. ஆதாரம், கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகம்.

அரையிறுதியில் பிரேசிலுக்கும் கேமரூனுக்கும் ஆட்டம். அதற்கு முந்தின நாள் மாமா மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன்தான் கேமரூனின் கேப்டன். அத்தையைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, என்னைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"மாப்ளே, எங்க தெருவுக்கு ஆட உனக்கு ரைட்ஸ் இருக்கு தெரியும்ல?"

"எனக்கா?"

"அத்தை எங்க தெருதான? அம்மா பொறந்த தெரு. சட்டத்துல இருக்குடா."

"நான் எப்படி ஆடுவேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரியும். எங்காளுக மூணு பேருக்கு அம்மை போட்டிருக்கு. ஏழு பேர் தேறல. நீ சும்மா நின்னாப் போதும்."

சும்மா நிற்பதில் என் திறமையை வெளிநாட்டுக்காரன் ஒருவன் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

விஷயம் அவ்வளவு சுலபமில்லை. பிரேசிலிலேயே இருந்தால் கோப்பை வாங்கும் போட்டோவில் நானும் இருப்பேன். ஒரு உதை உதைக்காமல் சாம்பியன் ஆகலாம். கேமரூனுக்குப் போனால் ஒரே ஒரு ஆட்டம், அதிலும் தோல்வி நிச்சயம். ஆனால் கோட்டுக்கு உள்ளே நிற்கலாம். விசில் அடிக்கும்போது உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை. ஒரு தடவை அந்தச் சாயம் என் கழுத்திலும் ஒட்ட வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன்.

"ஏலே, நீ இங்க இருந்தே என்னத்தக் கிழிச்ச, அங்க போயிக் கிழிக்க?" என்றான். அப்புறம் செத்த நேரம் யோசித்துவிட்டு, "போகக் கூடாது. நான் அப்ஜெக்சன் பண்ணுவேன்" என்றான்.

வேண்டாத என்னை விடவும் மாட்டேன் என்கிறானே, ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே கோயில் பள்ளிக்கூட வராந்தாவில் விசாரணை. கார்டு ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஞானஸ்நானப் புத்தகத்தோடு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்.

"இவன் ஏற்கெனவே பிரேசிலுக்கு ஆடிட்டான் சார்" என்றான் அண்ணன்.

"எப்ப ஆடுனான்? நான்தானப்பா ரெஃப்ரி, பாக்கலையே."

"ரெண்டாவது மேட்ச்ல எனக்குக் கால் புடிச்சப்ப சோடா எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குள்ள வந்தான்."

கார்டு ஐயா என்னைப் பார்த்தார். "பந்தத் தொட்டியா?"

"இல்ல சார். சோடாவத்தான் தொட்டேன். அதுலயும் பாதிய நான்தான் குடிச்சேன்."

"பந்தத் தொடல, அதனால ஆடல" என்று தீர்ப்பு வந்தது. அடுத்து ஞானஸ்நானப் புத்தகம். உபதேசியார் பக்கங்களைத் திருப்பி அம்மாவின் பெயரைக் கண்டுபிடித்தார். விரலை வரிசையில் நகர்த்தியவர் நின்றார்.

"வசிப்பிடம், வடமதுரைன்னு போட்டிருக்கே."

மாமா மகன் வாயைப் பிளந்தான். நானும்தான். அம்மா பக்கத்து ஊரான வடமதுரையில் பிறந்தவள் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"அப்ப தம்பி, நீ வடமதுரைக்குத்தான் ஆட முடியும்" என்றார் கார்டு ஐயா. வடமதுரை அந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அண்ணன் சிரித்தான்.

கோயிலில் ஜெபமாலை முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவை யார் கூப்பிட்டார்கள் என்று நினைவில்லை. முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டே வராந்தாப் படியில் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள்.

"அப்பாவுக்கு அப்ப வடமதுரைல வேலை. ரெண்டு மாசக் கைப்புள்ளையா என்னையத் தூக்கிட்டு கிணத்துத் தெருவுக்கு வந்துட்டாங்க. எனக்கு வடமதுரைல எந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுன்னுகூடத் தெரியாது சார்."

"புத்தகத்துல அப்படி இருக்கேம்மா."

"புத்தகத்துல இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்சு மேட்டுத் தெருவுக்கு வந்து பத்தொம்பது வருசமாச்சு. இன்னைக்கும் கொழாயடியில சண்டைன்னா என்னைய 'கிணத்துத் தெருக்காரி'ன்னுதான் வையிறாளுக. இப்ப நீங்க அதுவும் இல்லேங்கிறீங்க. நான் எந்தத் தெருதான்?"

கேள்வி எல்லோரையும் பார்த்துக் கேட்டதுதான். ஆனால் அவள் அண்ணனைத்தான் பார்த்தாள். அவன் தன் மஞ்சள் கழுத்தைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

கார்டு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேசையில் இருந்த பச்சைக் கொடியை எடுத்துக் காட்டினார். வண்டி கிளம்பியது. நான் கேமரூன்காரன் ஆனேன்.

மறுநாள் ஆட்டம். நான் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பச்சைப் பனியன் ஒரு அளவு சிறியது. தொப்புள் தவிர மற்றதெல்லாம் கேமரூன். முதல் பாதியில் மூன்று கோல் வாங்கினோம். என் பக்கமாகத்தான் மூன்றும் போயின. கோட்டுக்கு உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்ற என் ஆராய்ச்சிக்கு விடை கிடைத்தது. மூச்சு வாங்கும். அப்புறம், வெளியே பெஞ்சிலிருந்து பார்க்கும்போது மெதுவாகத் தெரிந்த அண்ணன், உள்ளே நின்று பார்த்தால் பயங்கர வேகம்.

அம்மா வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். எந்த அணியின் பக்கம் நிற்கிறாள் என்று தேடினேன். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, வேப்பமரத்தடியில் நின்றாள். பிறகு கேட்டதற்கு, "அங்கனதான் நெழல் இருந்துச்சு" என்றாள்.

இரண்டாம் பாதியில் அண்ணன் பந்தோடு என்னை நோக்கி வந்தான். பத்து வருடமாகச் சந்தில் அவனோடு ஆடியும், இரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு ஒன்று தெரியும். இடது தோளை இறக்குவான், ஆனால் வலப்பக்கம்தான் போவான். நம்மை ஏமாற்ற அவனிடம் இருந்த ஒரே வித்தை அதுதான். இடது தோளை இறக்கினான். நான் ஓடவில்லை, உதைக்கவில்லை, அவன் போகப்போகிற இடத்தில் போய்ச் சும்மா நின்றேன். லாரியில் மோதிய டிவிஎஸ் ஃபிஃப்டி மாதிரி அண்ணன் போய் விழுந்தான். விசில் வரவில்லை. காலடியில் கிடந்த பந்தை மாமா மகனிடம் தள்ளினேன். அவன் கொண்டுபோய்க் கோல் போட்டுவிட்டான்.

நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். இருந்தாலும் கிணற்றுத் தெரு என்னைத் தோளில் தூக்க முயன்றது. தூக்க முடியாமல் இறக்கிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் சொன்னான்: "அந்தக் கேமரூன்காரன தொட்டுக்கிற வெஞ்சனத்த இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

"ஏன், பிரேசிலுக்குக் கை இல்லையாக்கும்?" என்றாள் அம்மா.

மறுநாள் மாலையில் இறுதி ஆட்டம். "ரெண்டு பேரு பனியனையும் அலசிப் போடுலே" என்று அம்மா காலையிலேயே என்னிடம் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் வலி. அப்புறம் பார்க்கலாம் என்று படுத்தவன் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது கொடியில் இரண்டு பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டுமே ஒரே நிறம். கிளிப்பச்சை.

அண்ணன் போட்ட சத்தத்தில் மேட்டுத் தெருவே கூடிவிட்டது. நான்தான் வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டு ஊறவைத்தேன் என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான். நான் துவைக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் செய்தி கிணற்றுத் தெருவுக்குப் போய், "மாப்ள மூளைக்காரன்டா" என்ற பேச்சு எனக்கே திரும்பி வந்துவிட்டது. மூளைக்காரன் என்று என்னை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

கார்டு ஐயா கிளிப்பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எந்த நாடுப்பா?"

"பிரேசில் கொடில பச்சையும் இருக்குல்ல சார்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அனுமதி கிடைத்தது. கோப்பையும் கிடைத்தது. அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஏழு மஞ்சள், நடுவில் கோப்பையோடு ஒரு கிளிப்பச்சை. போட்டோவில் நான் இல்லை. என் சாயம் இருக்கிறது.

எட்டு வருடம் கழித்து, ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது அண்ணனும் நானும் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து மாலை ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பின்னால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு வீரனைக் காட்டி, இவன் பிறந்தது வேறு நாடு, அம்மா வழியில் இந்த நாட்டுக்கு ஆடுகிறான் என்று டிவியில் சொன்னார்கள்.

"கார்டு சட்டம்டா" என்றான் அண்ணன்.

"நீ ஏண்ணே அன்னைக்கு என்னைய விடமாட்டேன்ன?" என்று கேட்டேன். எட்டு வருடமாகக் கேட்க நினைத்தது.

அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் தோள் வித்தை உனக்கு மட்டுந்தானடா தெரியும்" என்றான். ரிமோட்டால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அதுக்காக எம் பனியன நீ அப்படிப் பண்ணிருக்கக் கூடாது" என்றான்.

இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை. "நான் துவைக்கவே இல்லண்ணே. தூங்கிட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கொழாயில தண்ணி வந்தே அப்ப எத்தன நாளாச்சு? ரெண்டு பேருக்கும் தனித்தனி வாளிக்கு நான் எங்க போவேன்?" என்றாள்.

"சாயம் போகும்னு தெரியாதாம்மா?"

"உங்க ரெண்டு பேரு கழுத்தையும் பாத்தேனே, தெரியாமயா?" என்றவள் டிவியை எட்டிப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். அந்தப் பயலோட அம்மா எங்கன உக்காந்திருக்கா? அவளக் காட்டமாட்டாங்களாடா?"