சாக்குக் கழிவு

எங்கள் வட்டாரக் கபடிக் கழகத்துக்கு ஆபீஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. சங்கரன்கோவிலில் என் வீட்டுக்காரரின் நூல் கடைதான் ஆபீஸ், அவர்தான் செயலாளர். புளியங்குடி, கடையநல்லூர், எங்கள் ஊர் என்று சுற்றுவட்டார டீம்களுக்கெல்லாம் எந்த நாளில் ஆட்டம், யார் நடுவர், சண்டை போட்டவனை எத்தனை மாதம் தள்ளி வைப்பது என்பதெல்லாம் அங்கே நூல் பேல் கட்டுகளின் மேல் உட்கார்ந்துதான் முடிவாகும். டீ மட்டும் என் அடுப்பிலிருந்து போகும். அவர்கள் பேசுகிற தோரணையைப் பார்த்தால் டெல்லியே இங்கிருந்துதான் நடக்கிறது என்று தோன்றும்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா போன பிறகு என் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தான். பகலெல்லாம் விசைத்தறி ஓட்டுவான், சாயங்காலமானால் மைதானம். ஆள் ஒல்லி. ஆனால் மூச்சை இழுத்துப் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினான் என்றால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். வீட்டில் இருக்கிற இடமே தெரியாது. மறுசோறு கேட்க மாட்டான். நானாகப் போட்டால், என் வீட்டுக்காரர் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பான்.

கழகம் நடத்தும் போட்டியில் எடைக் கட்டு உண்டு. ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் அந்தப் பிரிவில் ஆட முடியாது. எடை பார்ப்பதும் எங்கள் கடையில்தான். பேல் நிறுக்கிற பெரிய மேடைத் தராசில் பையன்கள் ஒவ்வொருவராக ஏறி நிற்பார்கள். என் தம்பி எப்போதும் கட்டுக்குள் வந்துவிடுவான். ஆனால் எங்கள் டீம்கள் மதுரைப் பக்கம் ஆடப் போனால் மட்டும், எடை கூடுதல் என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் புரோட்டாவ அடிச்சிருப்பானுவ" என்று கழகத்துக்காரர்கள் பையன்களைத்தான் ஏசுவார்கள்.

அந்த வருஷம் வெளியூர் மில் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் போட்டியைப் பார்க்க வந்தார். மில்லுக்குச் சொந்தமாகக் கபடி டீம் உண்டு. இந்த எடைப் பிரிவில் நன்றாக ஆடுகிறவனை எடுத்துக்கொண்டு மில்லிலேயே வேலையும் கொடுப்பார்கள். தம்பிக்கு ஒரு மாதமாக அதே பேச்சு.

"வேல கெடச்சா குவார்ட்டர்ஸ் உண்டாம்க்கா. ஒனக்கும் பாரம் கொறையும்."

"நீ பாரம்னு ஒன்ட்ட நான் சொன்னனால?"

"நீ சொல்லல" என்றான்.

போட்டி நாளன்று காலையில் டீம்களுக்கு இட்லிப் பானையோடு நானும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயிருந்தேன். மில் அதிகாரி ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரி ஒரு எடை மெஷினைக் கையோடு கொண்டு வந்திருந்தார். எங்கள் பையன்கள் ஏற ஏற, எல்லோருக்கும் எடை கூடுதல். தம்பிக்கும்தான். நேற்றுச் சாயங்காலம்தான் கடைத் தராசில் சரியாக இருந்தான். மெஷினில் கோளாறு என்று ஒரே சத்தம். சரி, இரண்டையும் ஒத்துப் பார்ப்போம் என்று கடைத் தராசை வண்டியில் வைத்துக் கொண்டு வந்து இறக்கினார்கள்.

என் வீட்டுக்காரர் தராசுக்குப் பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "வண்டியில வந்த குலுக்கல்ல தராசு கெட்டுப்போச்சு, இனி ஒத்துப் பாக்க முடியாது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனுஷனைத் தெரியாதா? இட்லிப் பானை இருந்த பக்கம் கூப்பிட்டு என்னவென்று கேட்டேன்.

"சாக்குக் கழிவுட்டி" என்றார், மெதுவாக.

நூல் பேல் என்றால் மேலே சாக்கும் இரும்புப் பட்டையும் சுற்றியிருக்கும். அந்த எடையைத் தினமும் கழித்துக்கொண்டிருக்க முடியாது என்று, தராசுத் தண்டில் ஓர் ஈயத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் எதை நிறுத்தாலும் சாக்கு, பட்டையின் எடையான இரண்டு கிலோ போகத்தான் காட்டும். கடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். பழகிப்போனதால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளையும் பேல் மாதிரியே நிறுத்திருக்கிறார்கள்.

"அப்பம் பிள்ளைய மேல தப்பில்லல்லா. அதிகாரிட்ட சொல்லுங்க. ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"என் கடத் தராசு தப்புன்னு மைக் போட்டுச் சொல்லச் சொல்லுதியா? பேலுக்கு அது சரி, மனுசனுக்குத்தான் தப்பு. அத எவன் வெளங்கிக்கிடுவான்? நூல் வாங்குதவன் பூராம் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான். ரெண்டு கிலோதான, வேர்த்தா போயிரும்."

மதியம் மறுபடியும் எடை பார்க்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் தம்பி போகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடினான். பிறகு பக்கத்துத் தெருச் சாயப்பட்டறைக்குள் போய், கொதிக்கிற கொப்பரைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். நான் மோர் கொண்டு போனேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"முழுங்கினா ஏறிரும்க்கா."

"ஏறட்டும்ல. தராசுதான் தப்பு. ஒங்க அத்தான் வாயத் தொறந்தா எல்லாம் சரியாயிரும். அவுக தொறக்கலன்னா நான் போய்ச் சொல்லுதேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கை அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி சுட்டது.

"வேண்டாம்க்கா. அத்தான தலகுனிய வச்சுட்டு நான் எந்த வீட்டுக்கு வருவேன்? வேல மட்டும் கெடச்சிரட்டும்."

மதியம் எடை சரியாக வந்தது. கைதட்டினார்கள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. ஒரு சோடா குடித்தான், அதையும் வாந்தி எடுத்தான். ஆட வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றான்.

வெயில் தாழுமுன் ஆட்டம் தொடங்கிவிட்டது. முதல் தடவை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். இரண்டாம் தடவை நடுவிலேயே பாட்டு அறுந்துவிட்டது. அவன் பாட்டு அறுந்து நான் கேட்டதேயில்லை. நடுவர் விசில் ஊதி அவுட் என்றார். அவன் கோட்டுக்கு வெளியே போய் முழங்காலில் தலையை வைத்து உட்கார்ந்தான்.

கபடியில் அவுட்டானவன் அப்படியே போய்விடுவதில்லை. அவனுடைய டீம் எதிராளியைப் பிடித்தால், முதலில் வெளியே போனவன் முதலில் உள்ளே வரலாம். சற்று நேரத்தில் எங்கள் பையன்கள் ஒருவனை மடக்கிப் பிடித்தார்கள்.

"ஏலே, எந்திரி. ஒன் மொறைல. உள்ள வா" என்று கத்தினார்கள்.

அவன் எழுந்திருக்கவில்லை. நடுவர் கையைக் காட்டினார். நேரம் கடத்துகிறான் என்று எதிர் டீம்காரர்கள் முறையிட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் தோளைத் தொட்டான். என் தம்பி அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். நான் மைதானத்தின் குறுக்கே ஓடினேன். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. மில் அதிகாரியின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே என் மடியில் அடங்கிவிட்டான்.

கழகம் கூடி இரங்கல் தீர்மானம் போட்டது. ஆட்டக்காரர்கள் தின்பதில் கட்டுப்பாடாக இருந்து எடையைக் காக்க வேண்டும் என்று கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு நான் டீ கொடுக்கவில்லை.

மறு வருஷம் அவன் பெயரில் ஒரு சுழற்கோப்பை வைத்தார்கள். நானே என் கையால் கொடுக்க வேண்டுமாம். போனேன். மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்க கடத் தராசுல சாக்குக் கழிவு போட்டிருந்துச்சு. பேல் நிறுக்குத தராசுல ஒங்க பிள்ளையள நிறுத்தாக. அது அன்னைக்குக் காலைலயே இவுகளுக்குத் தெரியும். தராசு கெட்டுப்போச்சுன்னு சொன்னது பொய்" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிச் சொன்னேன்.

யாரோ மைக்கை வாங்கி, அடுத்து ஆடும் டீம்கள் தயாராக இருக்கவும் என்று அறிவித்தார்கள். பையன்கள் எழுந்து துண்டை உதறினார்கள். ஆட்டம் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல பேச வேண்டியத மைதானத்துல பேசிட்டியே."

"அவன் வீட்டுலயா செத்தான்?" என்றேன்.

இலையைப் போட்டுச் சோறு வைத்தேன். சாப்பிட்டார். மறுசோறு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.