பர்கூரில் ஒரு கிளிமீன்

பர்கூர் மேம்பாலத்தடி மீன் கடையில், ஐஸ் மேல் நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன் கிடக்கிறது. கல் கிரஷரில் வேலை பார்ப்பவர் ஒருவர், புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு, அதை ஈர விரலால் தேய்த்துப் பார்க்கிறார்.

“ஏம்மா, சாயம் ஏத்துனதா?”

கடைக்கார அம்மா சலித்துக்கொள்கிறார். காலையிலிருந்து எல்லோரும் இதையே கேட்டுவிட்டு நகர்கிறார்களாம். பஸ்ஸுக்கு நிற்கும் நான் கடலோரத்துக்காரன். சும்மா இருக்க முடியவில்லை.

“நிறமே அதுதாங்க. இந்த அலகால பவளப்பாறையைக் கடிச்சு அரைக்கும். அப்புறம் வெள்ளை மணலா வெளியே தள்ளும்.”

“அட, நம்ம கிரஷரு!” மீனின் வாயைத் திறந்து பார்த்துச் சிரிக்கிறார். “தூசி பறக்காதா?”

“தண்ணிக்குள்ள எப்படிங்க பறக்கும்?”

அவர் புருவத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

“குடுத்து வெச்ச மீனு,” என்கிறார். “சரி, வெட்டும்மா.”