எனக்கு முன்னால் கிளம்பிய சைக்கிள்

நேபாளத்துக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டாம் என்று எனக்குத் தெரியவந்த அன்றே என்னைச் சனி பிடித்துவிட்டது. எண்பதுகளின் நடுவில், வத்தல்மலை அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த எங்கள் ஊரில், வெளிநாடு என்றால் துபாய். போனவன் டேப்ரெக்கார்டரோடு திரும்புவான். நான் வெளிநாடு போய் மலையில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றதும் டீக்கடையில் ஒருவர், "ஏம்ப்பா, நம்ம மலைக்கு என்ன கொறச்சலு? இதுலயே ஏறி எறங்கேன்" என்றார். கடையே சிரித்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைப் புரட்டினேன். பனி மூடிய மலைக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. அதில் தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் இரண்டு பேர். மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைத்தான் நான் பார்த்திருந்தேன். ஆசைக்காக ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பத்திரிகையை வாங்கிவந்து என் சினேகிதனிடம் காட்டினேன். அவன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். ஊருக்கு வடக்கே மாதா கோயில் பக்கம் வீடு. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "போலாம்டா" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவனை எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் அங்கே வானம் தெளிவாக இருக்கும் என்று கேள்வி. தையில் எனக்குக் கல்யாணம் முடிப்பதாக வீட்டில் பேச்சு. கல்யாணம் ஆனபின் பெண்டாட்டியை விட்டுவிட்டுச் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மலை ஏற எந்த மாமனார் விடுவார்? இந்த ஐப்பசி, இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதல் சண்டை வழிகாட்டியைப் பற்றி. சினேகிதனுக்கு நேபாள எல்லைப் பக்கம் கன்னியாஸ்திரியாக ஒரு சித்தி இருந்தார். அவர் மூலம் அங்கே ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்யலாம் என்றான்.

"வழிகாட்டியா? அவன் முதுகையே பாத்துக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றேன்.

"உனக்கு இந்தி தெரியுமாடா? வழி ரெண்டா பிரிஞ்சா யாரக் கேப்ப?"

"ரெண்டுல ஒண்ணுல போவேன்."

"பள்ளத்துல போவ" என்றான்.

ஆனி முழுக்க இதே பேச்சு, ஆடியிலும் இதே பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளைத் தயார் செய்தேன். சைக்கிள் கடைக்காரர் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமாக மாற்றிப் போட்டார். மிதிப்பது லேசானது, ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

அடுத்த அடி என் அம்மாவிடமிருந்து வந்தது. ஜோசியரிடம் போய்வந்தவர், ஐப்பசியில் என் நட்சத்திரத்துக்குப் பயணம் கிளம்ப ஒரு நாள்கூடத் தோதாக இல்லை என்றார். ஆவணியில் ஒரு நல்ல நாள் இருந்ததாம்.

"ஆவணியில எப்படிம்மா கிளம்பறது? ஐப்பசியிலதானே லீவு?"

"நீ எப்ப வேணா போ. பொருளு நல்ல நாள்ல கிளம்பிட்டாப் போதும்."

எங்கள் பக்கத்தில் இதைப் பரஸ்தானம் என்பார்கள். பயணம் போகிறவன் நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், அவனுடைய பொருள் ஒன்றை அந்த நாளில் எடுத்துப்போய், போகும் திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அவன் பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. வைத்த பொருள் மட்டும், பயணம் முடியாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. எல்லோரும் ஒரு துண்டையோ சொம்பையோ வைப்பார்கள். என் அம்மா சைக்கிளை வைத்தார்.

"சைக்கிள்ல போற பயணத்துக்குச் சொம்பை வெச்சா சாமி ஏத்துக்குமா?" என்று கேட்டார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சைக்கிளை வடக்கே என் சினேகிதன் வீட்டுக்குத் தள்ளிப்போனோம். அவனுடைய அம்மா, "எங்களுக்கு எல்லா நாளும் ஆண்டவர் குடுத்த நாள்தாங்க. இருந்தாலும் வண்டியப் பத்திரமா பாத்துக்கறேன்" என்று பழைய போர்வையால் மூடி வைத்தார்.

அன்றிலிருந்து நான் நடந்தேன். எனக்குப் பட்டு வளர்ச்சித் துறையில் வேலை. ஊர் ஊராகப் போய் மல்பெரித் தோட்டங்களையும் புழு வளர்க்கிற கொட்டகைகளையும் பார்க்க வேண்டும். வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றால் விவசாயிகள் கேட்பார்கள்: "என்னங்க சார், வண்டி எங்க?"

"நேபாளம் கிளம்பிருச்சுங்க" என்று எத்தனை பேரிடம் சொல்வது! ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொருவர் பரிதாபமாகப் பார்த்து மோர் கொடுத்தார். மோர்தான் அதிகம் வலித்தது.

வழிகாட்டிச் சண்டை மட்டும் ஓயவில்லை. சினேகிதன் என்னைக் கேட்காமலே சித்திக்குச் சொல்லி ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டான். மலைக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்தில் அவர் காத்திருப்பாராம். கேட்டதும் எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதிலும் ஒரு கஷ்டம்: என் சைக்கிள் அவன் வீட்டில். அதைப் பார்க்கப் போனால் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். கடைசியில் நான்தான் இறங்கிப்போனேன். மலையைப் பார்க்காமல் சாவதைவிட ஒருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது மேல். "சரி, உன் வழிகாட்டியே வரட்டும். தொலையுது" என்றேன். அவன் சிரித்தான். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தோம். எனக்கு லீவும் கிடைத்தது.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு ஐப்பசியில் ஒரே ஒரு நல்ல நாள்தானாம். நான் ரயிலில் இருக்க வேண்டிய நாள் அது.

"தள்ளி வெக்கச் சொல்லும்மா" என்றேன்.

"என்னான்னு சொல்லட்டும்? மாப்பிள்ள நேபாளத்துல இருக்கான்னா, சாமியாராப் போயிட்டான்னு நெனப்பாங்க. தங்கமான எடம்டா."

"அப்ப பரஸ்தானம் வெச்சது? பாதியில நிறுத்துனா ஆகாதுன்னு நீதானே சொன்ன?" குல தெய்வமே கைக்குக் கிடைத்த மாதிரி அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா யோசித்தார். மறுநாள் காலையில் சினேகிதன் என் முன்னால் வந்து நின்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

"உங்கம்மா வந்தாங்கடா. வெச்சது சைக்கிளத்தானே, சைக்கிள் போயிட்டு வந்தாப் போதும்ங்கறாங்க. என்னை எடுத்துட்டுப் போவச் சொல்றாங்க. மாட்டேன்னுதான் சொன்னேன். அழுவறாங்க. பயணம் முறிஞ்சா கல்யாணத்துக்கு ஆகாதாம்."

என்னைத் தவிர எல்லோருக்கும் அதில் ஒரு நியாயம் தெரிந்தது. அப்பாகூட, "அதுவும் சரிதானே" என்றார்.

"போ. போய்த் தொலை" என்றேன்.

அவன் போனான். என் சைக்கிளில்.

பெண் வீட்டார் வந்தார்கள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "தம்பி ஏதோ நேபாளம் போறதா ஊர்ல பேசிக்கிட்டாங்களே?" என்றார்.

"அதெல்லாம் போயாச்சுங்க" என்றார் அம்மா.

கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு கோபமும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அன்று எனக்குப் பரிமாறிய கேசரியை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்து சினேகிதன் திரும்பினான். முகம் கறுத்து, உதடு வெடித்து, ஆள் பாதியாகியிருந்தான். சைக்கிளை என் வீட்டுக்கே ஓட்டிவந்தான். மட்கார்டுக்கு உள்ளே நான் பார்த்திராத நிறத்தில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. என் கை தானாகப் போய் அதைத் தொட்டது.

"எப்படி இருந்துச்சு?" என்றேன். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்தேன்.

"வழிகாட்டி வரவேயில்லடா. ஒரு நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தேன். அப்புறம் தனியாவே ஏறிட்டேன். வழி ரெண்டா பிரிஞ்ச எடத்துல உன்னத்தான் நெனச்சேன். ஒண்ணுல போனேன். ஒண்ணும் ஆவல. நீ சொன்னதுதான் சரி. வழிகாட்டியே தேவையில்ல."

வருஷம் முழுக்க இந்த வார்த்தைக்காகத்தான் அவனோடு மல்லுக்கட்டினேன். இப்போது அதை வாங்கி வைத்துக்கொள்ள என்னிடம் இடமில்லை. அழுகை வந்தது. அதை அடக்கக் கோபம்தான் கைகொடுத்தது.

அதற்குள் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். சைக்கிளின் ஹேண்டில்பாரைச் சுற்றி மூன்று முறை சுற்றினார். முன்சக்கரத்தில் பொட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வழி விடுடா. எவ்ளோ தூரம் போயிட்டு வந்திருக்குது, உள்ள வரட்டும்" என்றார்.

நான் நகர்ந்து நின்றேன்.